ஜெயில் வார்டர் மேல 17பி-யும் எஃப்ஐஆரும் ஒரே நேரத்துல வந்திருக்கு, எங்க எவ்வளவு பேசணும்?

தாமிரபரணி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் தென் மாவட்டத்துல ஒரு மத்திய சிறைல கிரேடு 2 வார்டரா இருக்காங்க. பதினோரு வருஷ சர்வீஸ், இதுவரைக்கும் ஒரு மெமோ கூட வாங்குனது கிடையாது. நாப்பது நாளைக்கு முன்னாடி நைட் டூட்டில ராத்திரி ரெண்டு மணி வாக்குல பக்கத்து பிளாக்ல கூச்சல் கேட்டு இவங்களோட சேத்து அஞ்சு பேரு ஓடிருக்காங்க, உள்ள ரெண்டு விசாரணைக் கைதிங்க அடிச்சுக்கிட்டு உருண்டுக்கிட்டு இருந்தாங்களாம், பிரிச்சு விட்டிருக்காங்க, அதுல ஒரு பையனுக்கு இடது கை எலும்பு முறிஞ்சு போச்சு. ஜிஹெச்ல சேத்தாங்க. பாக்க வந்த அவங்க அம்மா கிட்ட அந்தப் பையன் வார்டருங்கதான் அடிச்சாங்கன்னு சொல்லிருக்கான்.

காலைல டூட்டி முடிஞ்சதும் இவங்கள வீட்டுக்கு விடல. மத்தியானம் வரைக்கும் ஆபீஸ்லயே உக்கார வச்சு, ஒரு சீனியர் அதிகாரி பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல எழுத வச்சிருக்காரு. "சண்டைய விலக்கும்போது லத்தியால லேசா ஒரு தட்டு தட்டினேன்னு எழுதுப்பா, தேவைக்கு மட்டும்தான் பலத்த பயன்படுத்தினன்னு முடிஞ்சிடும், மீதிய நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாராம். இவங்களும் தூக்கம் இல்லாத மண்டையோட எழுதி கையெழுத்து போட்டுட்டு வந்துட்டாங்க. என்ட்ட சாமி சத்தியமா சொல்றாங்க, அன்னைக்கு கைல லத்தியே இல்ல, லத்தி வச்சிருந்தது வேற ஆளுன்னு.

மூணாவது நாள் சஸ்பெண்ட். பன்னெண்டு நாள் கழிச்சு எஃப்ஐஆர், அதுல இவங்க பேரும் "மற்றும் சிலர்"னும் இருக்கு. போன வாரம் 17பி சார்ஜ் மெமோ (பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை) வந்துச்சு, பின்னாடி இணைச்ச ஆவணப் பட்டியல்ல முதல் ஆவணமே அந்தக் கடிதம்தான். அத பாத்துட்டு இவங்க ரெண்டு நாளா சாப்பிடல.

இப்ப ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணி "சும்மா வந்துட்டுப் போங்க, ஒரு விசாரணைதான்"ங்கறாங்க. போகணுமா? போனா எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமா? டிபார்ட்மென்ட் விசாரணைக்கு வக்கீல் வச்சுக்கலாமா? கேஸ் முடியற வரைக்கும் 17பி-ய நிறுத்தி வைக்கச் சொல்ல முடியுமா? உண்மை கண்டறியும் சோதனைக்குக் கூப்பிடுவாங்கன்னு கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் வேற பயமுறுத்திருக்காரு. சஸ்பெண்ட் ஆன மாசத்துல இருந்து கைக்கு ஒரு பைசா வரல, குவார்ட்டர்ஸ்லதான் இருக்கோம், பிள்ளைங்க ரெண்டு பேரும் அங்க பக்கத்து ஸ்கூல்தான். தெரிஞ்சவங்க தயவு செஞ்சு சொல்லுங்க.

---

ஓய்வு_முதல்தலைமைக்காவலர்:

அம்மா, முதல்ல அவர சாப்பிடச் சொல்லுங்க. நான் 34 வருஷம் இந்தத் துறைல இருந்துட்டு வந்தவன். "எழுதிக் குடு, நாங்க பாத்துக்கறோம்"ங்கற வார்த்தைய நானே எத்தன தடவ கேட்ருக்கேன்னு கணக்கே இல்ல. சொன்னவர் வேற ஜெயிலுக்கு மாறிப் போயிடுவாரு, ரிட்டயர் ஆயிடுவாரு, எழுதுனவன் பேப்பர் மட்டும் ஃபைல்ல கெடக்கும்.

என் கதைய சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படும். என் பிளாக்ல ஒரு செல்போன் புடிபட்டப்ப எனக்கு 17பி குடுத்தாங்க. மெமோ கடைசில ஒரு வரி இருக்கும், எழுத்து மூலமான பதிலோட, வாய்மொழி விசாரணை வேணுமா, இல்ல நேர்ல சொல்லிக்கற வாய்ப்பு மட்டும் போதுமான்னு கேட்டிருப்பாங்க. நான் பெருசா நினைக்காம, நேர்ல சொல்லிக்கறேன்னு எழுதிட்டேன். அவ்வளவுதான், ஒரு சாட்சியக் கூட கூப்பிடல, யாரையும் நான் குறுக்கு விசாரணை பண்ண முடியல, ரெண்டு வருஷ இன்கிரிமென்ட் கட், அதுவும் தொடர் விளைவோட. இன்னைக்கும் என் பென்ஷன்ல அந்த அடி இருக்கு. அதனால பதில்ல தெளிவா எழுதச் சொல்லுங்க, "குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன், எனக்கு வாய்மொழி விசாரணையும் வேண்டும், நேரில் கேட்கப்படவும் வேண்டும்"னு. ரெண்டும் கேக்கலாம்.

பணம் வராததுக்கு காரணம் எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். சஸ்பென்ஷன்ல இருக்கும்போது பிழைப்பூதியம் உண்டு, ஆரம்பத்துல ஏறக்குறைய பாதி சம்பளமும் அதுக்குண்டான அகவிலைப்படியும் வரும். ஆனா "நான் வேறு எந்த வேலையோ தொழிலோ பார்க்கவில்லை"ன்னு அவர் சான்று எழுதிக் குடுக்கணும், அது இல்லாம பில் போடமாட்டாங்க. நிறைய பேருக்கு இத யாருமே சொல்றதில்ல. நாளைக்கே எழுதிக் குடுத்து நகல்ல சீல் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. சஸ்பென்ஷன் நீண்டுக்கிட்டே போயி அந்தத் தாமதத்துக்கு அவர் காரணம் இல்லன்னா தொகைய ஏத்திக் கேக்கவும் வழி இருக்கு.

இன்னொண்ணு, அனுமதி இல்லாம ஊர விட்டு வெளிய போக வேண்டாம், சஸ்பென்ஷன் ஆர்டர்ல தலைமையிடம்னு ஒரு வரி போட்டிருப்பாங்க. அத மீறினா அதுக்குன்னு தனியா ஒரு மெமோ வரும்.

---

கறுப்புகோட்டு_மதுரை:

சகோதரி, நான் ஹைகோர்ட் மதுரைக் கிளைல சர்வீஸ் கேஸ் பாக்கறவன். ஐயா சொன்ன ரெண்டும் ரொம்ப சரி. மீதிய நான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, முடிஞ்சா அவர்ட்டயும் படிச்சுக் காட்டுங்க.

உங்க வீட்டுக்காரர் இப்ப ரெண்டு தண்டவாளத்துல நிக்கறாரு. ஒண்ணு துறை விசாரணை, தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள்ல 17(பி), பெரிய தண்டனைக்கான வழி (போலீஸ்ல 3பி-ன்னு சொல்வாங்களே, அதோட ஜெயில் பக்க உறவுக்காரன்). இன்னொண்ணு கிரிமினல் கேஸ். ரெண்டுக்கும் சட்டம் வேற, நிரூபிக்க வேண்டிய அளவு வேற. ஆனா அவர் பேசற வார்த்தை மட்டும் இங்க இருந்து அங்க நடந்து போகும், அதுதான் ஆபத்து.

போலீஸ்கிட்ட குடுக்கற ஒப்புதல் வாக்குமூலத்த கோர்ட்ல அவருக்கு எதிரா நிரூபிக்க முடியாது, பழைய சாட்சியச் சட்டத்துல 25, இப்ப பாரதிய சாட்சிய அதினியத்துல 23. ஆனா சிறை அதிகாரி போலீஸ் அதிகாரி இல்ல! அதனால அன்னைக்குக் காலைல ஆபீஸ்ல எழுதுன அந்த ஒரு பக்கக் கடிதம் அந்தத் தடைக்குள்ள வராது, கிரிமினல் கோர்ட்லயும் அரசுத் தரப்பு அத எடுத்து நீட்டலாம். நிறைய காவலர்கள் ஸ்டேஷனுக்குப் போகத்தான் பயப்படறாங்க, உண்மைல ஜாக்கிரதையா இருக்க வேண்டிய முதல் இடம் சொந்த ஆபீஸ் மேஜைதான்.

அதுக்காக கை விட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க. அதே சட்டத்துல 22-வது பிரிவு, பழைய 24, என்ன சொல்லுதுன்னா அதிகாரத்துல இருக்கறவங்க மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குறுதி குடுத்தோ வாங்குன ஒப்புதல் செல்லாது. "எழுதிக் குடு, நாங்க பாத்துக்கறோம்"ங்கறது அந்தப் பிரிவுக்குள்ள கொண்டு வந்து வாதாட வேண்டிய விஷயம். டூட்டி முடிஞ்சும் வீட்டுக்கு விடாம எத்தன மணி நேரம் உக்கார வச்சாங்க, பக்கத்துல யார் நின்னாங்க, யார் சொல்லிக் குடுத்தாங்க, இது எல்லாத்தையும் மறக்கறதுக்கு முன்னாடி அவர் கைப்பட தேதி போட்டு எழுதி வக்கீல்ட்ட குடுக்கட்டும். துறைக்கும் ஒரு மனு வக்கீல் பாத்துத் திருத்தி உடனே போகணும், அந்தக் கடிதம் நானா விரும்பி எழுதுனது இல்லன்னு. ஆறு மாசம் கழிச்சு சொன்னா "இவ்வளவு நாள் ஏன் பேசல"ன்னு முதல் கேள்வியே அதான் வரும்.

இனி உங்க கேள்விக்கு வர்றேன். ஸ்டேஷன்ல இருந்து போன் வந்தா "எழுத்துல நோட்டீஸ் குடுங்க, கண்டிப்பா வர்றேன்"னு மரியாதையா சொல்லலாம். கை எலும்பு முறிஞ்சது கொடுங்காயம், அதுக்கு ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கற பிரிவு போட்டிருப்பாங்க. ஏழு வருஷத்துக்குள்ள வர்ற குற்றங்கள்ல எடுத்தவுடனே கைது பண்ணாம முதல்ல நோட்டீஸ் குடுக்கணும்னு 2014-ல அர்னேஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, 2024 ஜூலை 1-ல இருந்து அது பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3). வாட்ஸ்ஆப்ல அனுப்புனா அது முறையான நோட்டீஸ் இல்லன்னும் 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. ஆனா முறையா நோட்டீஸ் வந்த பிறகு போகாம இருந்தா அதுவே கைதுக்குக் காரணமாயிடும், அப்படி இருந்துடாதீங்க. இதுக்கு நடுவுலயே முன்ஜாமீன் மனு போட்டுடுங்க, அதே பிஎன்எஸ்எஸ்ல பிரிவு 482. 48 மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தா அதுவே தனியா ஒரு சஸ்பென்ஷனுக்குக் காரணமாகும்னு 17(ஈ)-ல இருக்கு, அதுக்கு இடம் குடுக்கக் கூடாது.

போனா எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமான்னா, இல்ல. அரசியலமைப்புல 20(3), குற்றம் சாட்டப்பட்டவர தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. யூனிஃபார்ம் போட்டவங்களுக்கு இது கிடையாதுன்னு எங்கயும் எழுதல. 1978-ல நந்தினி சத்பதி வழக்குல இந்த உரிமை ஸ்டேஷன் விசாரணைலயே ஆரம்பிக்குதுன்னு சொல்லிட்டாங்க. பேரு, வேலை, டூட்டி நேரம் இதெல்லாம் சொல்லலாம், தன்ன மாட்டி விடற கேள்விக்கு மட்டும் "வக்கீல கலந்துக்கிட்டு சொல்றேன்"னு நிறுத்தலாம். பொய் மட்டும் சொல்லவே கூடாது. கைது பண்ணி விசாரிச்சா நடுவுல வக்கீல சந்திக்க உரிமை இருக்கு, முழு நேரமும் பக்கத்துல உக்கார வச்சுக்க முடியாது. போலீஸ் பதிவு பண்ற வாக்குமூலத்துல கையெழுத்து கேட்டாங்கன்னா போட வேண்டியதில்ல, சட்டமே கையெழுத்து வாங்கக் கூடாதுன்னுதான் சொல்லுது.

உண்மை கண்டறியும் சோதனைய பத்தி பயமே வேண்டாம், 2010-ல செல்வி வழக்குல பாலிகிராஃப், நார்கோ, பிரெய்ன் மேப்பிங் மூணுமே சம்மதம் இல்லாம பண்ணக் கூடாதுன்னு சொல்லியாச்சு. கையெழுத்து மாதிரி, குரல் மாதிரி இதெல்லாம் மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டா குடுக்கத்தான் வேணும், அது வேற.

17பி-ய நிறுத்தி வைக்கறது. இது தானா நிக்காது, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம்ங்கறதுதான் பொது விதி. ஆனா ரெண்டுலயும் சம்பவம் ஒண்ணே, குற்றச்சாட்டு கடுமையானது, சட்டச் சிக்கலும் சம்பவச் சிக்கலும் இருக்குன்னா கிரிமினல் கேஸ் முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கறது நல்லதுன்னு 1999-ல கேப்டன் பால் ஆண்டனி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அவரும் ஒரு பாதுகாப்பு அதிகாரிதான், கோலார் தங்கச் சுரங்கத்துல. வீட்டுல தங்க உருண்டை கெடச்சதுன்னு கேஸ். சஸ்பென்ஷன்ல பிழைப்பூதியம் குடுக்கல, காசு இல்லாம அவரால விசாரணைக்கு வர முடியல, வராமலே விசாரணைய முடிச்சு வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அப்புறம் கிரிமினல் கோர்ட்ல விடுதலை ஆனாரு. பிழைப்பூதியம் குடுக்காம ஆள் இல்லாம நடத்துன அந்த விசாரணையே செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் அடிச்சுது. அதனால ஐயா சொன்ன அந்தச் சான்ற லேசா எடுத்துக்காதீங்க, பணத்துக்கு மட்டும் இல்ல, கேஸுக்கும் அது வேணும்.

முதல்ல துறைக்கே எழுதிக் கேட்டு, மறுத்தா இங்க ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம். ஸ்டே கெடச்சாலும் காலம் காலமா நிக்கும்னு நினைக்க வேண்டாம், கிரிமினல் கேஸ் இழுத்துக்கிட்டே போனா துறை விசாரணைய திரும்ப ஆரம்பிக்க விடுவாங்க. ஸ்டே கெடைக்கற வரைக்கும் மெமோவுக்குப் பதிலே குடுக்காம இருக்கக் கூடாது. கெடு முடியறதுக்குள்ள, குற்றச்சாட்ட மறுக்கிறேன், இதே சம்பவத்துக்கு கிரிமினல் கேஸ் நிலுவைல இருக்கறதால என் தற்காப்ப முழுசா இப்ப வெளிய சொல்ல முடியாதுன்னு சுருக்கமா, ஐயா சொன்ன வாய்மொழி விசாரணை வரியையும் சேத்து. பக்கம் பக்கமா கதை எழுதிக் குடுத்தா அதுவும் கிரிமினல் கோர்ட்டுக்கு நடந்து போயிடும்.

துறை விசாரணைல வக்கீல் வச்சுக்கறது உரிமையா வராது, விசேஷக் காரணம் சொல்லி அனுமதி கேக்கலாம். துறைத் தரப்புல சட்டம் படிச்சவர உக்கார வச்சாங்கன்னா நமக்கும் வக்கீல் குடுக்கணும்னு ரொம்ப முன்னாடியே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. பட்டியல்ல காட்டுன ஆவணம் எல்லாத்துக்கும் நகல், சாட்சிகளோட முந்தைய வாக்குமூலங்க, இதெல்லாம் கேட்டு வாங்குங்க. ஆவணத்த மேஜைல வச்சா மட்டும் போதாது, சாட்சி வந்து அத நிரூபிக்கணும்னு 2008-ல ரூப் சிங் நேகி வழக்கு இருக்கு, அதுலயும் துறை நம்பி இருந்தது போலீஸ் வாங்குன ஒப்புதல் கடிதத்ததான். கடைசில விசாரணை அறிக்கை நகல் குடுக்காம தண்டிச்சா அதுவும் தப்பு, 1993 கருணாகர் தீர்ப்பு. இதுக்கெல்லாம் வேர் அரசியலமைப்புல 311(2), என்ன குற்றச்சாட்டுன்னு சொல்லி நியாயமான வாய்ப்பு குடுக்காம பதவி நீக்கமோ பதவி இறக்கமோ பண்ண முடியாது.

ஒரு விஷயம் உங்களுக்கு யாராவது தப்பா சொல்லிடப் போறாங்க. அரசு ஊழியர் மேல கேஸ் நடத்த அரசோட முன் அனுமதி வேணும்னு ஒரு பிரிவு இருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 197, இப்ப பிஎன்எஸ்எஸ்ல 218. அது அரசாங்கமே உத்தரவு போட்டாதான் நீக்க முடியும்ங்கற பதவில இருக்கறவங்களுக்கு. துறை அதிகாரியே நீக்கக்கூடிய காவலருக்கு அந்தக் கவசம் சாதாரணமா வராது. அத நம்பி இருந்துடாதீங்க.

---

ஜெர்சி_தமிழன்:

அக்கா, நான் இங்க நியூஜெர்சில ஒரு கவுண்டி ஜெயில்ல கரெக்‌ஷன் ஆபீசர், சொந்த ஊரு விருதுநகர் பக்கம். வக்கீல் சார் எழுதுனத படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்களுக்கு டிரெயினிங்ல சொல்லித் தர்ற முக்கியமான பேருல ஒண்ணு "கேரிட்டி". 1967-ல இதே நியூஜெர்சி போலீஸ்காரங்க கேஸ்தான், டிராஃபிக் டிக்கெட்ட சரிக்கட்டுனதா விசாரணை, பதில் சொல்லு இல்லன்னா வேலை போயிடும்னு சொல்லி வாங்குன வாக்குமூலத்த கிரிமினல் கேஸ்ல பயன்படுத்தக் கூடாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அதனால இங்க மேலதிகாரி கட்டாயப்படுத்திக் கேட்டா, இது உத்தரவா, உத்தரவுன்னா எழுத்துல குடுங்கன்னு கேப்போம், உத்தரவு வந்தா உண்மையச் சொல்லிடுவோம், அந்த வாக்குமூலத்த கிரிமினல் பக்கம் கொண்டு போக முடியாது. பொய் சொன்னா வேலையும் போயிடும், பொய்க்குன்னு கேஸும் வரலாம். யூனியன் ஆள கூட உக்கார வைக்கச் சொல்லியும் கேப்போம்.

இத எதுக்கு சொல்றேன்னா, நெட்டுல தேடுனா இந்த வெளிநாட்டு விஷயம்தான் முதல்ல வந்து நிக்கும், அத படிச்சுட்டு ஊர்லயும் இப்படித்தான்னு நினைச்சு அண்ணன் ஆபீஸ்ல எல்லாத்தையும் கொட்டிடக் கூடாது. நம்ம ஊர்ல அந்தப் பாதுகாப்பு இல்லன்னு வக்கீல் சார் எழுதுனதுல இருந்து புரியுது.

---

கறுப்புகோட்டு_மதுரை:

தம்பி சொன்னது சரி, துறை விசாரணைல இங்க அப்படி ஒரு பொதுவான பாதுகாப்பு கிடையாது. ஆனா ஒரு இடத்துல கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கு. அந்தப் பையனோட அம்மா மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனாங்கன்னா, 1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 15-வது பிரிவுல, ஆணையம் கேட்டு அதுக்கு சாட்சியா சொல்ற பதில வேற சிவில், கிரிமினல் நடவடிக்கைல அவருக்கு எதிரா பயன்படுத்த முடியாது, பொய் சாட்சி வழக்கத் தவிர. 16-வது பிரிவுல, பேரு கெடக்கூடியவரக் கூப்பிட்டுக் கேக்காம முடிவு பண்ணக் கூடாது. அதனால அங்க இருந்து சம்மன் வந்தா ஓடி ஒளியாதீங்க.

---

வைகைக்கரை:

நான் இத எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். என் தம்பி ஒரு கேஸ்ல மூணு மாசம் உள்ள இருந்தான். வெளிய வந்தப்ப முதுகுல தழும்பு இருந்துச்சு, யாரு அடிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் அவன் வாய் திறக்கல. நீங்க எல்லாரும் வார்டருக்கு என்ன உரிமைன்னு பேசறீங்க, இருக்கட்டும், வேணாங்கல. ஆனா அந்தக் கை ஒடஞ்ச பையனும் ஒரு தாய் பெத்த புள்ளதான். அக்கா, உங்க வீட்டுக்காரர் அடிக்கலன்னா யாரு அடிச்சாங்கன்னு அவருக்குத் தெரியும்ல? லத்தி வச்சிருந்தது வேற ஆளுன்னு நீங்களே எழுதிருக்கீங்க.

---

ஓய்வு_முதல்தலைமைக்காவலர்:

தம்பி, நீங்க கேட்டது நியாயம். உங்க தம்பிக்கு நடந்தத நான் நியாயப்படுத்த மாட்டேன், நானும் சில ராத்திரிகள்ல பாத்தும் பாக்காத மாதிரி வந்திருக்கேன், அது இன்னைக்கும் நெஞ்ச அறுக்குது.

அம்மா, இந்தத் தம்பி சொன்னதுலதான் உங்க கேஸோட உயிரே இருக்கு. அஞ்சு பேரும் சேந்து ஒரே வக்கீல வைக்கச் சொல்வாங்க, செலவு குறையும், ஒத்துமையா இருக்கலாம்னு. வேண்டாம். லத்தி வச்சிருந்தவருக்கும் வைக்காதவருக்கும் ஒரே வக்கீல் எப்படிப் பேச முடியும்? அஞ்சு பேருல சர்வீஸ் கம்மியானவன் தலைலதான் எல்லாம் வந்து விழும். மேலதிகாரி சொன்னாருங்கறதும் காப்பாத்தாது. 2024-ல வேலூர் மத்திய சிறை விவகாரத்துல, ஆயுள் கைதிய வீட்டு வேலைக்கு வச்சு அடிச்சதா வந்த புகார்ல சிபிசிஐடி கேஸ் போட்டப்ப டிஐஜி மட்டும் மாட்டல, கீழ இருந்தவங்களையும் சேத்து 14 பேரு மேல போட்டாங்க.

சிசிடிவி இருக்கான்னு கேளுங்க. 2015-ல டி.கே. பாசு வழக்குல எல்லா ஜெயில்லயும் கேமரா வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு ராத்திரி ஒரு மணில இருந்து மூணு மணி வரைக்கும் அந்த பிளாக் வராண்டா பதிவ அழிக்காம வச்சிருங்கன்னு இன்னைக்கே எழுதுங்க, கண்காணிப்பாளருக்கு ஒண்ணு, விசாரணை அதிகாரிக்கு ஒண்ணு, எஃப்ஐஆர விசாரிக்கற போலீஸ் அதிகாரிக்கு ஒண்ணு. நாப்பது நாள் ஆச்சுங்கறீங்க, மேல மேல பதிவாகி பழசு போயிடும். டூட்டி ரோஸ்டர், யாருக்கு எந்த போஸ்ட்டுன்னு இருக்கற புக்கு, லத்தி எடுத்ததுக்குப் பதிவு இருந்தா அதுவும். அப்புறம் ஜிஹெச்ல பையன சேத்தப்ப போட்ட ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) ரொம்ப முக்கியம், முதல் தடவ டாக்டர்ட்ட அவன் என்ன சொன்னான், எத்தன பேரு எதால அடிச்சாங்கன்னு சொன்னான்னு அதுல இருக்கும்.

அந்தப் பையன் வீட்டுப் பக்கம் மட்டும் யாரும் போயிடாதீங்க. சமாதானம் பேசறேன், வைத்தியச் செலவ குடுத்துடறேன்னு நல்ல மனசோட போனாக் கூட சாட்சிய கலைக்கப் பாத்தாங்கன்னு ஆயிடும்.

---

தாமிரபரணி_பொண்ணு:

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடறேன். நேத்து ராத்திரி மொத்தத்தையும் இவங்கட்ட வாசிச்சுக் காட்டுனேன். வைகைக்கரை அண்ணன் எழுதுனத வாசிச்சப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து, "அவன் பேரச் சொன்னா நாளைக்கு ஒரே ஜெயில்ல எப்படி டூட்டி பாக்கறது, பிள்ளைங்க ஒரே குவார்ட்டர்ஸ்ல எப்படி விளையாடும்"னு சொல்லி அழுதாங்க. கல்யாணம் ஆகி ஒம்போது வருஷத்துல நான் பாத்தது இல்ல.

இன்னைக்குக் காலைல வேலை பாக்கலங்கற சான்றும் சிசிடிவி கடிதமும் குடுத்தாச்சு, ஆபீஸ்ல சீல் போட மாட்டேன்னுட்டாங்க, அதனால ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மென்ட்டோட அனுப்பிட்டேன். மத்த நாலு பேரும் சேந்து பாக்கற வக்கீல் வேண்டாம்னு சொல்லிட்டோம், அதுக்கே ரெண்டு வீட்டுக்காரங்க என்ட்ட பேசறத நிறுத்திட்டாங்க.

ரெண்டே கேள்வி. கிரிமினல் கேஸ்ல விடுதலை ஆயிட்டா 17பி தானா போயிடுமா? மூணு மாசத்துக்கு மேல சஸ்பென்ஷன்ல வைக்க முடியாதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

---

கறுப்புகோட்டு_மதுரை:

சீல் போட மறுத்த தேதி, நேரம், யாருன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. நல்ல வேலை பண்ணிருக்கீங்க.

விடுதலை ஆனா தானா போகாது. கிரிமினல்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், துறைல நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும். 2012 கடைசில சமுத்திரம் வழக்குன்னு ஒண்ணு வந்துச்சு, நம்ம தமிழ்நாட்டு போலீஸ்காரர் கேஸ்தான், சாட்சிங்க பல்டி அடிச்சு விடுதலை ஆன மாதிரி இருந்தா அது கௌரவமான விடுதலை இல்லன்னு சொல்லி துறை கொடுத்த நீக்கத்த சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. அதே சாட்சி, அதே சம்பவம், கோர்ட் முழுசா ஆராஞ்சு இவர் செய்யலன்னு சொன்னா அப்ப துறைத் தண்டனையும் நிக்காதுன்னு 2006-ல ஜி.எம். டேங்க் வழக்கு இருக்கு. அதனால சாட்சி பின்வாங்கிட்டா போதும்னு யாராவது யோசனை சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, அது அவருக்கு வேலைய திருப்பித் தராது. கேமராவும் ஏஆர் காப்பியும் லத்தி யார்ட்ட இருந்துச்சுங்கறதும்தான் திருப்பித் தரும்.

மூணு மாசக் கதை 2015 அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பு. மூணு மாசத்துக்குள்ள சார்ஜ் மெமோ குடுக்கலன்னா சஸ்பென்ஷன நீட்டிக்கக் கூடாது, குடுத்துட்டா காரணம் எழுதி நீட்டிக்கலாம்ங்கறது அது. உங்களுக்கு மெமோ வந்துடுச்சு. அதோட, அந்தத் தீர்ப்ப வச்சு மூணு மாசம் முடிஞ்சதும் சஸ்பென்ஷன் தானா செத்துப் போயிடாதுன்னு நம்ம ஹைகோர்ட் முழு அமர்வும் 2022-ல சொல்லிடுச்சு. ஆனாலும் மூணு மாசம் முடிஞ்ச மறுநாளே மறுபரிசீலனை கேட்டு மனு குடுங்க, வேற ஜெயிலுக்கு மாத்தியாவது டூட்டி குடுங்கன்னு. பதில் வரலன்னா அத வச்சு கோர்ட்ல கேக்கலாம்.

அவர் அழுதத பத்தி ஒரு வார்த்தை. யார் பேரையும் யாரும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது, எங்க எப்ப சொல்றதுங்கறது அவரும் அவர் வக்கீலும் உக்காந்து முடிவு பண்ற விஷயம். ஆனா தான் செய்யாதத செஞ்சேன்னு எழுதுன அந்தக் கடிதத்த அவர் மறுத்துதான் ஆகணும், அத இனி தள்ளிப் போட முடியாது. மெமோவுக்குப் பதில் குடுக்க இன்னும் எத்தன நாள் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.

---

தாமிரபரணி_பொண்ணு:

ஆறு நாள் இருக்கு சார். இப்பதான் உக்காந்து எழுத ஆரம்பிச்சிருக்காங்க, இந்தத் தடவ பக்கத்துல யாரும் நின்னு சொல்லிக் குடுக்கல. முடிச்சதும் வக்கீல்ட்ட காட்டிட்டுதான் அனுப்புவோம்.